வீடியோ கேம் டெஸ்டராகச் சம்பளத்துக்கு வேலை செய்வது எப்படி

ஒரு கேம் நிறுவனம் டெஸ்டருக்குச் சம்பளம் கொடுத்துப் பெற்றுக்கொள்வது அவர் எழுதும் அறிக்கையைத்தான். அவர் கண்ட கோளாறை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமர் ஒருவர் தம் கணினியிலும் வரவழைத்துப் பார்க்க முடிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். ஆகவே, விளையாட்டுத் திறமையைவிட, நிதானமாகக் கவனித்துத் தெளிவாக எழுதும் திறமைக்கே இந்தத் துறையில் மதிப்பு அதிகம். வேலை தேடும் இளைஞர்கள் பலர் தங்கள் ரேங்க்கையும் ஆடிய மணிக்கணக்கையும் விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதிவிட்டு, எழுதும் திறமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை, எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. இந்தியாவில் இருந்தபடி இந்த வேலையைத் தேடும் ஒருவர் எதைப் பயில வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும், எந்த அழைப்பை நம்பக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வேலை நாள்

டெவலப்பர்களிடமிருந்து புதிய பில்ட், அதாவது கேமின் புதிய பதிப்பு, வந்து சேர்ந்ததும், அது நிறுவப்படுகிறதா, திறக்கிறதா, முதல் கட்டம் வரையாவது போகிறதா என்று பார்ப்பதை ஸ்மோக் டெஸ்ட் என்பார்கள். அதிலேயே விழுந்துவிட்டால் அந்த பில்ட் திருப்பி அனுப்பப்படும். தேறினால், அட்டவணையில் எழுதிவைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களை ஒவ்வொன்றாகச் செய்து, தேறியது, தேறவில்லை என்று குறிக்க வேண்டும். முந்தைய பில்டில் சரிசெய்ததாகச் சொல்லப்பட்ட பக்குகள் (கோளாறுகள்) உண்மையிலேயே போய்விட்டனவா, அவற்றைச் சரிசெய்தபோது வேறெதுவும் உடைந்ததா என்று பார்க்கும் ரிக்ரெஷன் சோதனைக்கே நாளின் பெரும்பகுதி போய்விடுவதும் உண்டு. எஞ்சிய நேரத்தில், அட்டவணையில் இல்லாத விபரீதங்களை எல்லாம் தாமாகவே செய்து பார்க்கலாம். நல்ல டெஸ்டர்கள் பெயர் வாங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதில் அலுப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும் ஒட்டி நடந்து, கதாபாத்திரம் எங்காவது சுவருக்குள் புகுந்துவிடுகிறதா, எங்காவது சிக்கிக்கொண்டு வெளியேற முடியாமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு முழு நாள் வேலை. மறுநாள் புதிய பில்ட் வந்தால் அதே சுவர்களை மீண்டும் ஒட்டி நடக்க வேண்டும். நூறாவது முறை பார்க்கும்போதும் முதல் முறை பார்த்த கண்ணோடு பார்க்க முடிகிறவர்களே இந்த வேலையில் நிலைக்கிறார்கள்.

மொபைல் கேம்களில் வேலையின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே கேம் குவால்காமின் அட்ரினோ கிராபிக்ஸ் சிப்பில் சரியாகத் தெரிந்து, ஆர்ம் நிறுவனத்தின் மாலி சிப்பில் நிழல்கள் கறுப்புக் கட்டங்களாகத் தெரியலாம். நினைவகம் குறைந்த போனில் பாதியில் மூடிக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால், பேட்டரி தீரும் தறுவாயில் எச்சரிக்கை வந்தால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால், சேமிப்பிடம் நிரம்பிவிட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொரு போனிலும் பார்க்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களோடு வளர்ந்த ஒருவருக்கு இந்தத் தொல்லைகளெல்லாம் ஏற்கெனவே பழக்கம் என்பதால், தம்மிடம் இருக்கும் பழைய போனைக் குறையாக நினைக்காமல் அதையே சோதனைக் கருவியாகப் பயன்படுத்திப் பழகலாம்.

கன்சோல் கேம்களில் இன்னொரு கட்டம் உண்டு. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்றும் தங்கள் கருவியில் வெளியாகும் ஒவ்வொரு கேமும் நிறைவேற்ற வேண்டிய தொழில்நுட்ப நிபந்தனைகளை வகுத்திருக்கின்றன. ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலரின் இணைப்பு போனால் கேம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், பயனர் கணக்கு மாறினால் சேமித்த ஆட்டம் யாருக்குச் சேர வேண்டும் என்பது போன்றவை அவற்றில் அடங்கும். நிபந்தனை தவறினால் கேம் திருப்பி அனுப்பப்பட்டு வெளியீடே தள்ளிப்போகலாம் என்பதால், இவற்றை அறிந்த டெஸ்டருக்குத் தனி மதிப்பு உண்டு. இத்தகைய ஆவணங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு மட்டுமே காட்டப்படுபவை. எக்ஸ்பாக்ஸ் நிபந்தனைகளை மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. வேலைக்குப் போகும் முன்பே அதை ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது நேர்காணலில் கைகொடுக்கும்.

பக் ரிப்போர்ட் எழுதுவது

வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இதில் சற்று அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். “கடை வேலை செய்யவில்லை, காசு போய்விட்டது” என்று ஒருவர் எழுதினால் டெவலப்பரால் எதுவும் செய்ய முடியாது. மேலும் விவரம் தேவை என்ற குறிப்போடு அது திரும்பி வரும். அதே கோளாறைக் கீழே உள்ளபடி எழுதினால் அவர் உடனே வேலையைத் தொடங்கலாம்.

தலைப்பு: கடையில் வாள் வாங்கும்போது இணைய இணைப்பு போனால் 500 நாணயங்கள் கழிகின்றன, ஆனால் வாள் பையில் சேர்வதில்லை.

சூழல்: பில்ட் எண், போனின் மாடல், ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி நினைவகம், மொபைல் டேட்டா இணைப்பு.

செய்முறை: முதலில், 500 நாணயங்களுக்கு மேல் உள்ள கணக்கில் நுழைந்து கடையைத் திறக்கவும். இரண்டாவதாக, வாளைத் தேர்ந்தெடுத்து வாங்கு பொத்தானை அழுத்தவும். மூன்றாவதாக, சுழலும் குறி தோன்றிய இரண்டு விநாடிகளுக்குள் ஏரோப்பிளேன் மோடை இயக்கவும். நான்காவதாக, ஒரு நிமிடம் கழித்து இணைப்பை மீட்டுப் பையைப் பார்க்கவும்.

எதிர்பார்த்தது: வாளும் சேர வேண்டும், நாணயமும் கழிய வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது.

நடந்தது: நாணயங்கள் கழிந்தன, வாள் சேரவில்லை. கேமை மூடித் திறந்த பிறகும் நிலை மாறவில்லை.

எத்தனை முறை: 10 முறை முயன்றதில் 8 முறை.

உடன் அனுப்பியவை: திரைப்பதிவு, லாக் கோப்பு (இயங்கும்போது நடப்பவை தானாகப் பதிவாகும் கோப்பு).

இந்த அறிக்கையின் மதிப்பு அதன் வடிவத்தைவிட அதை எழுதுவதற்கு முன் நடந்த வேலையில் இருக்கிறது. இரண்டு விநாடி என்ற எல்லையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? 10 முறையில் 2 முறை கோளாறு வராதபோது அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், அந்த இரண்டு முறையும் தாம் எதை வேறுவிதமாகச் செய்தோம் என்று திரைப்பதிவை ஓட்டிப் பார்த்து, இணைப்பைத் தாமதமாகத் துண்டித்ததே காரணம் என்று உணர்ந்திருக்கிறார். வாளுக்கு மட்டும்தானா, வேறு பொருளுக்கும் இப்படி ஆகிறதா, வைஃபையிலும் ஆகிறதா, மறுமுறை நுழைந்தால் நாணயம் திரும்புகிறதா என்றெல்லாம் சோதித்துக் கோளாறின் எல்லையைக் குறுக்கியிருக்கிறார். தேவையற்ற படிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, இதற்கு மேல் எதை நீக்கினாலும் பக் வராது என்ற நிலைக்குச் செய்முறையைக் கொண்டுவருவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய கலை. நடந்ததை மட்டும் எழுத வேண்டும். “சர்வரில் ஏதோ பிழை” என்று காரணத்தை ஊகித்து எழுதினால் படிப்பவரின் கவனம் தவறான பக்கம் போய்விடும். யாரையும் குறை கூறும் தொனியும் ஆச்சரியக்குறிகளும் அறிக்கையில் கூடாது.

கோளாறின் கடுமையும் அதைச் சரிசெய்யும் அவசரமும் இரண்டு வேறு அளவுகள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். கேம் மூடிக்கொள்வதும், சேமித்த ஆட்டம் அழிவதும், மேற்கொண்டு போக முடியாமல் நிற்பதும் கடுமையானவை. முதல் திரையில் நிறுவனத்தின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தால் அது கடுமையில் மிகச் சிறிது, அவசரத்தில் மிகப் பெரிது. எழுதியனுப்பிய அறிக்கைகளில் சில, வடிவமைப்பே அப்படித்தான் என்றும், ஏற்கெனவே பதிவானது என்றும், சரிசெய்யப் போவதில்லை என்றும் மூடப்படும். கடைசி வகை, நேரமும் பணமும் கருதி மேலே உள்ளவர்கள் எடுக்கும் முடிவு. அதைத் தம் திறமைக்குக் கிடைத்த அடியாக டெஸ்டர் எண்ண வேண்டியதில்லை. இன்னும் முக்கியமானது என்று கருதினால், விளையாடுபவருக்கு அதனால் என்ன நேரும் என்பதைச் சேர்த்து மறுபடி ஒருமுறை அனுப்பலாம்.

எழுத்து டெஸ்டருக்குப் பாதுகாப்பும் ஆகும். சைபர்பங்க் 2077 கேம் 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி, ஒரே வாரத்தில் கோளாறுகள் காரணமாகச் சோனியின் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்பியது. வெளியான அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், விளையாடியவர்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவில்லை என்று அந்த கேமை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி காணொளி ஒன்றில் கூறினார். இப்படிப்பட்ட நேரத்தில் டெஸ்டர் தம் பக்கம் காட்டக்கூடிய ஒரே சான்று, தேதியுடனும் பில்ட் எண்ணுடனும் பதிவாகியிருக்கும் அறிக்கைதான். பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

எங்கே தேடினால் பக் கிடைக்கும்

இரண்டு இடங்களை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒன்று, எண்களின் எல்லை. 1980 இல் வந்த பேக்-மேன் கேமில் கட்டத்தின் எண் 8 பிட் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதில் 255 வரைதான் அடங்கும். அதனால் 256 ஆவது கட்டத்தில் பழங்களை வரையும் நிரல் தடம் புரண்டு, திரையின் வலது பாதி முழுவதும் குப்பை எழுத்துகளாக நிறைந்துவிடும். அந்தக் கட்டத்தை முடிக்கவே முடியாது. நாணயம் பூஜ்யத்தில் இருக்கும்போதும், பை நிரம்பிய பிறகு இன்னொரு பொருளை எடுக்கும்போதும், பெயருக்கு அனுமதித்த எழுத்துகளை ஒன்று தாண்டும்போதும் என்ன ஆகிறது என்று பார்ப்பது இதே பாடத்தின் தொடர்ச்சி.

மற்றது, தனித்தனியாகச் சரியாக இயங்கும் இரண்டு அம்சங்கள் சந்திக்கும் இடம். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில், சுல்குருப் என்ற பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒரு தொற்று நகரங்களுக்குள் பரவியது. அந்தப் பகுதியில் சண்டையிடும்போது தொற்றிய செல்லப்பிராணியை வீரர்கள் திருப்பி அனுப்பிவிட்டு, நகரத்துக்கு வந்து மீண்டும் அழைத்தபோது தொற்றும் அதனோடு வந்தது. பலம் குறைந்த கதாபாத்திரங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கடைசியில் பிளிசார்ட் நிறுவனம் சர்வர்களை மீட்டமைக்க வேண்டியிருந்தது. தொற்றும் சரியாகத்தான் வேலை செய்தது, செல்லப்பிராணியை அனுப்பி அழைக்கும் வசதியும் சரியாகத்தான் வேலை செய்தது. புதிய அம்சம் ஒன்று கைக்கு வந்தால், ஏற்கெனவே இருக்கும் எந்த அம்சத்தோடு அது உரசும் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவை

பட்டம் எதுவாக இருந்தாலும் தொடக்கநிலை வேலைக்கு விண்ணப்பிக்க இடம் உண்டு. மென்பொருள் சோதனைக்கான ஐஎஸ்டிகியூபி அமைப்பின் அடிப்படைநிலைச் சான்றிதழ் பல நிறுவனங்களுக்குத் தெரிந்த ஒன்று. இந்தியாவில் அதை இந்தியன் டெஸ்டிங் போர்டு நடத்துகிறது. கேம் சோதனைக்கென்றே தனிச் சான்றிதழும் அதே அமைப்பில் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம்; பாடத்திட்டத்தை இலவசமாகப் பதிவிறக்கிப் படிக்கலாம், நேர்காணலில் கேட்கப்படும் சொற்களில் பெரும்பாலானவை அதில் உள்ளன. பக்குகளைப் பதிவுசெய்து பின்தொடர உதவும் ஜிரா மென்பொருளைச் சிறு குழுக்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதால் கணக்குத் தொடங்கிப் பழகலாம். ஆண்ட்ராய்டு போனின் லாக்கைக் கணினியிலிருந்து ஏடிபி என்ற கருவி மூலம் எடுப்பதையும், ஓபிஎஸ் என்ற மென்பொருள் கொண்டு திரையைப் பதிவு செய்வதையும் ஓரிரு மாலைகளில் கற்றுவிடலாம்.

சான்றிதழைவிடப் பயனுள்ளது கைவசம் இருக்கும் மாதிரி அறிக்கைகள். மைன்கிராஃப்ட் கேமின் பக் பதிவுகளை மொஜாங் நிறுவனம் பொதுவில் வைத்திருக்கிறது. அங்கே எந்த அறிக்கை ஏற்கப்பட்டது, எது திருப்பப்பட்டது, ஏன் என்று படித்துக்கொண்டே போனால் ஒரு நல்ல ஆசிரியரிடம் பாடம் கேட்ட பலன் கிடைக்கும். பிறகு, இட்ச் தளத்தில் கேம் ஜாம்களுக்காக, அதாவது குறுகிய காலக்கெடுவுக்குள் கேம் உருவாக்கும் நிகழ்வுகளுக்காக, சிறு குழுக்கள் உருவாக்கி வைத்திருக்கும் கேம்களில் ஒன்றை எடுத்து, முறையாகச் சோதித்து, ஐந்து அறிக்கைகளை எழுதி, உருவாக்கியவருக்கு மரியாதையான குறிப்போடு அனுப்பலாம். அவர் ஒரு பக்கைச் சரிசெய்து நன்றி சொன்னால், அதை விண்ணப்பத்தில் குறிப்பிட முழுத் தகுதி உண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். அலங்கார ஆங்கிலம் வேண்டாம். சிறிய, பிழையற்ற, ஒரே பொருள் தரும் வாக்கியங்கள் போதும், அது பயிற்சியால் வரும்.

தமிழறிவும் வேலைக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. மொழிமாற்றச் சோதனையில், மொழிபெயர்ப்பு சரியா என்பதோடு எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தயார்செய்யப்படாத கேம் எஞ்சினில் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ சிதறித் தெரியும், புள்ளிகள் மேலே உள்ள வரியில் மோதும். ஆங்கிலத்தில் அடங்கிய பொத்தானில் தமிழ்ச் சொல் நீண்டு வெளியே வழியும். தமிழ் தெரியாத டெஸ்டருக்கு இதில் பிழை இருப்பதே கண்ணில் படாது. தமிழில் வரும் கேம்கள் இன்னும் குறைவு என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனாலும் விண்ணப்பத்தில் தவறாமல் எழுத வேண்டிய தகுதி இது.

வேலை இருக்கும் இடங்கள்

பெரிய ஸ்டூடியோக்கள் சோதனையின் கணிசமான பகுதியை அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ், பெங்களூரில் கிளை வைத்திருக்கும் போல் டு வின், புனேயில் உள்ள குளோபல்ஸ்டெப் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சென்னையைச் சேர்ந்த இண்டியம் நிறுவனம் ஐக்ஸி என்ற பெயரில் கேம் சோதனைப் பிரிவை நடத்திவருகிறது. ஸ்டூடியோக்களின் சொந்தக் கிளைகளில் யுபிசாஃப்ட் புனேயிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஐதராபாத்திலும், ராக்ஸ்டார் பெங்களூரிலும் இருக்கின்றன. இவற்றின் சொந்தத் தளங்களில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கங்களையே நேரடியாகப் பார்த்து விண்ணப்பிப்பது நல்லது. பணம் கட்டி ஆடும் ரம்மி, ஃபேன்டஸி கேம்களை நடத்திய நிறுவனங்களும் ஒரு காலத்தில் டெஸ்டர்களை எடுத்தன; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் அத்தகைய கேம்களைத் தடை செய்துவிட்டதால், அழைக்கும் நிறுவனம் எந்த வகைக் கேம் செய்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை அரிது. வெளிவராத கேமின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதே காரணம். 2022 செப்டம்பரில் ராக்ஸ்டார் உருவாக்கிக்கொண்டிருந்த ஜிடிஏ 6 கேமின் காட்சிகள் கசிந்தன. 2024 ஏப்ரல் முதல் எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று ராக்ஸ்டார் அறிவித்தபோது பாதுகாப்பும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சேரும் நாளில் கையெழுத்திடும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை முழுவதும் படிக்க வேண்டும். வேலை செய்யும் கேமின் பெயரை நண்பர்களிடம் சொல்வதுகூட அதை மீறுவதாகலாம்.

ஆகவே, வீட்டிலிருந்து விளையாடித் தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்புகளை நம்பவே கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை அல்ல. முதலில் சிறு தொகையை அனுப்பி நம்பவைத்து, பிறகு பெருந்தொகையைக் கட்டச் சொல்வது அவர்களின் வழக்கம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் அளிக்க வேண்டும். வெளியீட்டுக்கு முன் விளையாடுபவர்களை அழைத்து நடத்தும் பீட்டா சோதனைகளில் கலந்துகொள்வது மோசடி அல்ல. ஆனால் அவற்றுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பழகுவதற்கு மட்டுமே அவை.

சேரும் முன் கேட்க வேண்டியவை

தொடக்கநிலை டெஸ்டரின் சம்பளம் அதே நிறுவனத்தின் புரோகிராமருடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பல இடங்களில் வேலையும் திட்டம் முடியும் வரையிலான ஒப்பந்தமாகவே இருக்கும். ஒப்பந்தக் காலம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா, வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா, இரவுப் பணி என்றால் வீடு சேர வண்டி உண்டா, கேமின் கிரெடிட்ஸில் டெஸ்டர்களின் பெயர் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதால் வேலை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நிலை மாறக்கூடியது என்பதற்கு அமெரிக்காவில் நடந்தவை சான்று. ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தைச் சேர்ந்த, விஸ்கான்சினில் உள்ள ரேவன் சாஃப்ட்வேர் ஸ்டூடியோவின் டெஸ்டர்கள், தங்களோடு வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டதைக் கண்டித்து 2021 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்து, 2022 மே மாதம் வாக்கெடுப்பில் வென்று சங்கம் அமைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம், ரேவன் டெஸ்டர்களை மட்டும் விட்டுவிட்டு, ஆக்டிவிஷன் பிளிசார்ட் ஏறத்தாழ 1,100 டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று ஊதியத்தை உயர்த்தியது. 2023 ஜனவரியில் தனக்குச் சொந்தமான ஜெனிமேக்ஸ் நிறுவனத்தின் சுமார் 300 டெஸ்டர்களின் சங்கத்தை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டது. கேமின் தரத்தைக் காப்பவர்களை மாற்றத்தக்க கூலிகளாக நடத்துவது நியாயமல்ல என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

சேர்ந்த பிறகு முதல் சில மாதங்களில், மூத்த டெஸ்டர்கள் எழுதி ஏற்கப்பட்ட அறிக்கைகளைத் தினமும் கொஞ்சம் படியுங்கள். உங்கள் அறிக்கை திரும்பி வந்தால் எந்த விவரம் குறைந்தது என்று தனியாகக் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. பைதான் அல்லது சி ஷார்ப் கற்றுக்கொண்டு திரும்பத் திரும்ப வரும் சோதனைகளைத் தானியங்கியாக்குபவர்களுக்குச் சம்பளம் கூடும். ஆட்களை ஒருங்கிணைக்கத் தெரிந்தவர்கள் லீடாகவும் பிறகு புரொடியூசராகவும் போகிறார்கள். சிலர் கேம் வடிவமைப்புக்கு மாறுகிறார்கள். எந்தப் பக்கம் போக விரும்புகிறீர்கள் என்பதை முதல் ஆண்டு மதிப்பீட்டின்போதே மேலாளரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற வேலைகளை அவர் உங்களுக்கு ஒதுக்க முடியும்.